கல் தெறித்த கண்ணாடியும் ஒரு சொட்டு ரெசினும்

திருவக்கரை, வானூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு புதுச்சேரியை நோக்கி வரும் டிப்பர் லாரிகளின் பின்னால் கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். முன்கண்ணாடியில் மிளகளவு ஒரு புள்ளி விழுந்திருக்கும். பார்வையை மறைக்கவில்லை, வண்டியும் ஓடுகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் பார்த்தால், வாசலில் சும்மா நின்றிருந்த காரின் கண்ணாடியில் ஒரு முழத்துக்கு விரிசல் ஓடியிருக்கிறது. கல் பட்ட அன்று தாங்கிய கண்ணாடி, யாரும் தொடாதபோது ஏன் விட்டுப்போனது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவருக்கு, ரெசின் செலுத்திக் கண்ணாடியைச் சரிசெய்யும் தொழிலில் முக்கால் பங்கு புரிந்துவிடும். கருவிகளை விலைக்கு வாங்கிவிடலாம். எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும், எங்கே பொறுத்திருக்க வேண்டும் என்பதை அறிவியல்தான் சொல்லித்தர வேண்டும்.

இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு படலம்

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள். அவற்றின் நடுவே முக்கால் மில்லிமீட்டர் தடிமனில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற நெகிழ்வான பிளாஸ்டிக் படலம். சுருக்கமாகப் பி.வி.பி. கல் வந்து மோதும்போது அடி வாங்குவது வெளித்தகடு. படலம் அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்வதால் உள்தகடு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இந்த அமைப்பைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளரும் ஓவியருமான எத்துவார் பெனெதிக்துஸ். 1903-இல் அவருடைய ஆய்வகத்தில் தவறி விழுந்த ஒரு குடுவை நொறுங்கியும் சிதறவில்லை. முன்பு அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து, உட்பக்கத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, உடைந்த துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. கார் விபத்துகளில் கண்ணாடி கிழித்துப் பலர் காயமடைந்த காலம் அது. 1909-இல் அவர் காப்புரிமை பெற்று, 'டிரிப்ளெக்ஸ்' என்ற பெயரில் அடுக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். செல்லுலோஸ் படலம் வெயிலில் மஞ்சளித்துப்போனதால் 1930-களின் இறுதியில் பி.வி.பி. அதன் இடத்தைப் பிடித்தது.

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கார்களின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கின்றன. அதன் வழியே குறைந்தது 70 விழுக்காடு ஒளி உள்ளே வர வேண்டும் என்றும் சொல்கின்றன.

கதவுக் கண்ணாடி பெரும்பாலும் வேறு வகை. அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிர்விப்பார்கள். அதனால் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் சிக்கிக்கொண்டு நிற்கும். ஓர் இடத்தில் ஆழமாக விரிசல் விழுந்தால் முழுக் கண்ணாடியும் சிறு சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். சரிசெய்ய அங்கே எதுவும் மிஞ்சாது. ரெசின் வேலை அடுக்குக் கண்ணாடிக்கு மட்டும்தான்.

கல் என்ன செய்கிறது?

2 கிராம் எடையுள்ள ஒரு கல்துண்டை எடுத்துக்கொள்வோம். நம் காரும் எதிரே தெறித்து வரும் கல்லும் சேர்ந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், கல் கொண்டுவரும் ஆற்றல் முக்கால் ஜூல். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்கும் நமக்கும் இடையே இடைவெளி விடச் சொல்வதற்கு இந்த இருமடிக் கணக்கே போதிய காரணம்.

முக்கால் ஜூல் பெரிய ஆற்றல் இல்லை. ஆனால் அது ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குகிறது. கடினமான உருண்டை ஒன்று கண்ணாடியை அழுத்தும்போது, தொடும் வட்டத்தின் விளிம்பில் இழுவிசை உச்சத்தை அடைகிறது. 1880-களின் தொடக்கத்தில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இதை ஆராய்ந்தார். பின்னாளில் வானொலி அலைகளை நிரூபித்த அதே ஹெர்ட்ஸ்தான். அந்த விளிம்பில் தொடங்கும் விரிசல் உள்ளே போகப் போகக் கூம்புபோல் விரிகிறது. மேலிருந்து பார்த்தால் நடுவில் குழி, சுற்றிலும் வட்டம். தொழிலில் இருப்பவர்கள் இதை 'புல்ஸ் ஐ' என்கிறார்கள். குழியிலிருந்து கால்கள் கிளம்பினால் 'ஸ்டார்'. வட்டமும் கால்களும் சேர்ந்திருந்தால் 'காம்பினேஷன்'.

ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஸ்டாரின் ஒவ்வொரு காலும் குழியருகே வெள்ளிபோல் மின்னும். முனையை நோக்கிப் போகப் போக மின்னல் மங்கி, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கண்ணாடியோடு கலந்துவிடும். விரிசலின் உயிர்நாடி, கண்ணுக்குத் தெரியாத அந்த முனையில்தான் இருக்கிறது.

முனையில் குவியும் விசை

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்திரியால் ஒரு சிறு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் இழுத்தால் சர்ரென்று நேராகக் கிழியும். வெட்டு இல்லாத துணியை அதே பலத்தோடு இழுத்தால் கிழியாது. மொத்தத் துணியும் பகிர்ந்துகொள்ள வேண்டிய விசை, வெட்டின் முனையில் உள்ள ஓரிரு நூல்கள் மேல் விழுவதே காரணம்.

கண்ணாடியிலும் இதே கதைதான். 1913-இல் சி. இ. இங்கிலிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தகட்டில் உள்ள துளைகளையும் வெடிப்புகளையும் கணக்கிட்டுப் பார்த்தார். வெடிப்பு நீளமாக இருந்தால் முனையில் விசை கூடும். முனை கூராக இருந்தால் இன்னும் கூடும். கண்ணாடி விரிசலின் முனை அணுக்களின் அளவுக்குக் கூர்மையானது. எனவே அங்கே விசை நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகும். உலோகமாக இருந்தால் அந்த இடத்தில் சற்று வளைந்துகொடுத்து முனையை மழுக்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்த நெகிழ்வு கிடையாது.

1921-இல் ஏ. ஏ. கிரிஃபித் இதை இன்னும் ஆழமாகக் காட்டினார். கண்ணாடி அணுப் பிணைப்புகளின் பலத்தைக் கணக்கிட்டால் அது எஃகையே மிஞ்ச வேண்டும். நடைமுறையில் அதன் சிறு பங்கில் உடைந்துவிடுகிறது. மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் நுண்விரிசல்களே இதற்குக் காரணம் என்றார். புதிதாக இழுத்த மெல்லிய கண்ணாடி இழைகளில் அத்தகைய பெரிய குறைகளுக்கு இடமில்லை. அதனால் அவை வியக்கத்தக்க வலிமையோடு இருந்ததையும் அவர் சோதித்துக் காட்டினார்.

அரிக்கமேட்டு மணியும் கார் கண்ணாடியும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சும்மா நின்ற காரில் விரிசலை ஓட்டியது யார்? தண்ணீர்.

கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் பகை உண்டு என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். புதுச்சேரிக்காரர்கள் கையில் அதற்கு எதிரான சான்றே இருக்கிறது. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்தார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை ழான்-மாரி கஸால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி எனப் பலர் தோண்டி ஆராய்ந்த இடம் அது. ஆற்றங்கரை ஈரமண்ணில் பல நூற்றாண்டுகள் கிடந்த மணிகளைப் பாரதி பூங்கா அருகே உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறாமல் இருக்கின்றன. தண்ணீர் அவற்றை என்ன செய்துவிட்டது?

அதிகம் செய்யவில்லை, காரணம் இருக்கிறது. அந்த மணிகளை எந்த விசையும் இழுத்துக்கொண்டிருக்கவில்லை. உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடுகாட்டி விளிம்புகளை உருட்டி எடுத்த மணிகள் அவை. கூரான விரிசல் முனைகள் நெருப்பில் மழுங்கிவிடுகின்றன. இழுவிசையில் இல்லாத கண்ணாடியும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கலாம்.

இழுவிசையில் இருக்கும் விரிசல் முனையின் நிலைமை வேறு. அங்கே சிலிக்கானையும் ஆக்சிஜனையும் சேர்க்கும் பிணைப்புகள் ஏற்கெனவே நீண்டு விறைத்து நிற்கின்றன. தண்ணீர் மூலக்கூறு ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தால் அந்தப் பிணைப்போடு வினைபுரிந்து அதை அறுத்துவிடும். விரிசல் ஓர் அணு அளவு முன்னேறும். அடுத்த பிணைப்பு விறைக்கும், அடுத்த மூலக்கூறு வரும். 1967-இல் ஷெல்டன் வீடர்ஹார்ன் நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தகடுகளில் விரிசலை ஓடவிட்டு, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றி அதன் வேகத்தை அளந்தார். இழுவிசை மாறாமல் இருந்தபோதும், ஈரம் கூடக் கூட விரிசலின் வேகம் பல மடங்கு கூடியது.

கடலோரத்தில் வாழும் நமக்கு இது நேரடியாகச் சொல்லும் செய்தி: புதுச்சேரிக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். கல் பட்ட புள்ளி ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரம் பி.வி.பி. படலம்வரை போனால் இன்னொரு கேடும் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் தண்ணீரை உறிஞ்சும் தன்மை உடையது. உறிஞ்சினால் கண்ணாடியின் மீதுள்ள பிடிப்பு தளரும், ஓரம் பால்போல் வெளுக்கும்.

வெயில் மீதிப் பங்கைச் செய்கிறது. கண்ணாடியின் ஒரு பகுதி மற்றதைவிட 1 டிகிரி சூடானால், விரிய முடியாமல் ஏறத்தாழ 0.6 மெகாபாஸ்கல் தகைவு உண்டாகும். நண்பகலில் கடற்கரை அருகே நிறுத்திய காரில் ஏறியதும் ஏ.சி.யை முழுவேகத்தில் முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால், 30 டிகிரி வேறுபாடு எளிதில் வந்துவிடும். அப்போது தகைவு 20 மெகாபாஸ்கலை நெருங்கும். முழுமையான கண்ணாடி தாங்கிக்கொள்ளும். விரிசல் உள்ள கண்ணாடிக்கு அது அதிகம். வெயிலில் சுடும் கண்ணாடி மேல் குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதும் இதே ஆபத்துதான்.

ரெசின் செய்யும் வேலை

1970-களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஃபிராங்க் வெர்னர் என்பவர் நோவஸ் நிறுவனத்தின் வழியே இந்தச் சரிசெய்யும் முறையைத் தொழிலாக வளர்த்தார். அரை நூற்றாண்டில் கருவிகளும் ரெசினும் மேம்பட்டிருக்கின்றன. அடிப்படை மட்டும் மாறவில்லை: விரிசலுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, அந்த இடத்தில் கண்ணாடியை ஒத்த ஒரு பொருளை முனைவரை நிரப்பி இறுக வைப்பது.

வேலை நடக்கும் விதத்தை அருகில் நின்று பார்ப்போம். வண்டி நிழலில் நிற்கிறது. முதலில் கூரான கார்பைடு ஊசியால் குழியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பொடியை மெல்ல நீக்குகிறார் தொழிலாளி. பொடி அடைத்திருந்தால் ரெசின் உள்ளே போக வழியில்லை. அடுத்து, கண்ணாடியின் உட்பக்கத்திலிருந்து மிதமான சூடு காட்டி ஈரத்தை உலர்த்துகிறார். அவசரப்பட்டு அதிகம் சூடாக்கினால் விரிசல் அங்கேயே ஓடிவிடும். கண்ணாடி கைபொறுக்கும் சூட்டுக்குத் திரும்பும்வரை பொறுத்திருக்கிறார்.

பிறகு உறிஞ்சுகிண்ணங்கள் வைத்த தாங்கியைக் கண்ணாடியில் பதித்து, நடுவில் உள்ள சிறு குழாயைக் குழியின் மேல் நேராக அமர்த்துகிறார். அதனுள் சில சொட்டு ரெசின். குழாயின் உந்துதண்டை மேலே இழுத்தால் வெற்றிடம் உண்டாகி, விரிசலுக்குள் இருந்த காற்று குமிழ் குமிழாக ரெசின் வழியே மேலே வரும். தண்டைக் கீழே திருகினால் அழுத்தம் ரெசினை உள்ளே தள்ளும். இழுப்பதும் தள்ளுவதும் மாறி மாறி நடக்கும். குறுகிய இடைவெளிக்குள் திரவம் தானாக ஏறும் நுண்புழை விசையும் உதவுகிறது. மெல்லிய கால்களுக்கு நீர்த்த ரெசின் ஏற்றது. கெட்டியான ரெசின் அங்கே நுழையவே நெடுநேரம் பிடிக்கும். ஒரு கால் நிரம்பாமல் அடம்பிடித்தால் உட்பக்கத்திலிருந்து விரலால் இலேசாக அழுத்துவார். விரிசலின் வாய் சற்றுத் திறந்து ரெசினுக்கு வழிவிடும்.

நிரம்பியதா என்று எப்படித் தெரியும்? ஒளிதான் சொல்லும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. கண்ணாடியினது ஏறத்தாழ 1.52. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நேராக விழும் ஒளியில் 4 விழுக்காடு திரும்பிவிடும். 41 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழும் ஒளி முழுவதுமாகவே எதிரொளிக்கும். விரிசல் வெள்ளியாக மின்னுவதும், இன்னொரு கோணத்தில் கருப்பாகத் தெரிவதும் இதனால்தான். ரெசினின் விலகல் எண் 1.50-ஐ ஒட்டி இருப்பதால், கண்ணாடியும் ரெசினும் சந்திக்கும் பரப்பில் திரும்பும் ஒளி 0.01 விழுக்காடுகூட இருக்காது. எனவே ரெசின் போய்ச் சேர்ந்த இடம் கண்ணெதிரே மறையும். உள்ளிருந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது கருப்புக் கோடு எங்கே மிஞ்சியிருக்கிறதோ, அங்கே இன்னும் காற்று இருக்கிறது. அது மறையும்வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

அடுத்த வேலை இறுக வைப்பது. ரெசினில் இருப்பவை அக்ரிலேட் வகைச் சிறு மூலக்கூறுகள்; அவற்றோடு புற ஊதா ஒளி பட்டால் தூண்டப்படும் ஒரு பொருளும் கலந்திருக்கும். விளக்கு பட்டதும் அந்தப் பொருள் உடைந்து, சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாகவும் வலையாகவும் மாற்றும். சில நிமிடங்களில் திரவம் கெட்டியாகும். காற்றில் உள்ள ஆக்சிஜன் இந்தக் கோப்பைத் தடுக்கும். அதனால் குழியின் மேல் இன்னும் ஒரு சொட்டுக் கெட்டி ரெசின் வைத்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மூடித்தான் விளக்கைக் காட்டுகிறார்கள். மூடாவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். இறுகும்போது ரெசின் சில விழுக்காடு சுருங்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்து, பின்பு பிளேடால் சுரண்டி மட்டப்படுத்தி மெருகேற்றுவார்கள்.

விளக்கு வெளிப்பக்கத்திலிருந்தே வர வேண்டும், பி.வி.பி. படலம் புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும். நிழலில் வேலை செய்யச் சொல்வதும் இதே ஒளிக்காகத்தான். புதுச்சேரி வெயிலில் வைத்தால் ரெசின் கால்களின் முனையை எட்டுமுன் வாயிலேயே இறுகிவிடும்.

வீட்டில் இருக்கும் உடனடிப் பசையை ஊற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பசை ஈரம் பட்டவுடன் இறுகும் வகை. நம் ஊர்க் காற்றில் விரிசலின் வாயிலேயே உறைந்து, பின்னால் வரும் ரெசினுக்கும் கதவை அடைத்துவிடும். ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் கல் பட்ட புள்ளியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உள்ளே இறங்கிய தூளை வெளியே எடுப்பது மிகக் கடினம். கல் பட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: கண்ணாடி உலர்ந்திருக்கும்போது, புள்ளியின் மேல் ஒரு துண்டு தெளிவான டேப்பை ஒட்டிவிடுவது. ஈரமும் அழுக்கும் போவது வெகுவாகக் குறையும். கூடிய விரைவில் பட்டறைக்குப் போனால் ரெசின் சுத்தமான விரிசலைச் சந்திக்கும்.

எதைத் தொடக் கூடாது?

எல்லா விரிசலையும் சரிசெய்ய முடியாது. அமெரிக்காவில் 2007-இல் வெளியான தரநிலை, புல்ஸ் ஐ 1 அங்குலத்துக்குள்ளும், ஸ்டார் 3 அங்குலத்துக்குள்ளும் இருந்தால் சரிசெய்யலாம் என்றது. பிரிட்டனின் வருடாந்தர வாகனச் சோதனை இன்னொரு கோணத்தில் பார்க்கிறது. ஓட்டுநருக்கு நேர் எதிரே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மில்லிமீட்டர்வரை விட்டுக்கொடுக்கிறது. ரெசின் இறுகிய பின்னும் இலேசான தழும்பு இருக்கும் என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் அந்தத் தழும்பில் பட்டுச் சிதறினால் ஒரு கணம் சாலை மறையலாம்.

உள்தகட்டிலும் விரிசல் இருந்தாலோ, படலம் கிழிந்திருந்தாலோ, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். புதிய கார்களில் கண்ணாடியின் மேல்நடுவில் கேமரா இருக்கும். அது பார்க்கும் இடத்தில் கல் பட்டிருந்தாலும் ரெசின் வேலையைத் தவிர்ப்பதே நல்லது.

கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு

ஒரு முன்கண்ணாடியைப் புதிதாகச் செய்ய, மணலையும் சோடாவையும் சுண்ணாம்புக் கல்லையும் ஏறத்தாழ 1,500 டிகிரியில் உருக்க வேண்டும். 1665-இல் பிரான்சில் தொடங்கிய செயின்ட் கோபேன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் நம் ஸ்ரீபெரும்புதூரில் இந்த உலையை எரித்துவருகிறது. அடுக்குக் கண்ணாடி குப்பைக்குப் போனால் படலத்தைப் பிரித்தெடுக்காமல் மறுசுழற்சி செய்ய முடியாது. ஒரு சொட்டு ரெசின் காப்பாற்றுவது காரின் சொந்தக்காரருடைய பணத்தை மட்டுமல்ல.

இந்தக் கைவேலைக்குப் பெரிய முதலீடு தேவையில்லை; பெரிய பட்டறையும் தேவையில்லை. பழைய கண்ணாடிக் கடைகளில் கழித்துப்போட்ட முன்கண்ணாடிகள் கிடைக்கும். அவற்றில் கல் பட்ட இடங்களைத் தேடிப் பழகலாம். தொடக்கத்தில் புல்ஸ் ஐ. கை படிந்தபின் ஸ்டார். கடைசியாக நீளமான விரிசல். நீள விரிசலில் முனைக்கு ஒரு நுண்துளை இட்டு, கூர்மையை மழுக்கிவிட்டுத்தான் ரெசின் செலுத்துகிறார்கள். இங்கிலிஸின் 1913 கணக்கு அந்தத் துளையில் இன்றும் வேலை செய்கிறது.

நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் விருப்பம். இயற்பியல் வகுப்பில் ஒளிவிலகல் எண்ணைச் சூத்திரமாகப் படித்தவர்கள், கருப்புக் கோடு கண்ணெதிரே மறைவதை இங்கே பார்ப்பார்கள். வேதியியலில் பலபடியாக்கம் என்று படித்ததைச் சில நிமிடங்களில் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். கூடவே இன்னொன்றையும் அவர்களுக்குப் பழக்க வேண்டும்: வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும், பார்வைக்கு நேரே உள்ள பெரிய சேதத்தைக் காட்டி "இதைச் சரிசெய்யக் கூடாது, கண்ணாடியை மாற்றிவிடுங்கள் ஐயா" என்று சொல்லும் துணிவு. அந்த ஒரு வேலைக்கான கூலி போகும். அந்தக் கண்ணாடியின் பின்னால் உட்கார்ந்து இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டப்போகிறவர் பத்திரமாக வீடு திரும்புவதைவிடப் பெரிய கூலி இந்தத் தொழிலில் வேறு இல்லை.